டாக்டரிடம் கேட்காமல் விட்ட கேள்விகள்

புற்றுநோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் சொன்னதில் பாதி காதில் ஏறாது, ஏறியதிலும் பாதி படி இறங்குவதற்குள் மறந்துபோகும். கேட்க நினைத்ததோ தொண்டை வரை வந்து நின்றுவிடும். அப்படி நின்றுபோன கேள்விகளுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்கிறார், வாட்ஸ்அப் பதில் சொல்கிறது, எங்கோ மலையடிவாரத்தில் மருந்து கொடுக்கும் ஒருவர் பதில் சொல்கிறார். அதைக் கேட்டு நடந்தால் பணம் போவது ஒருபுறம், நாட்களும் போய்விடுகின்றன.

இந்த நோயில் குடும்பத்தின் கையில் உண்மையாகவே இருப்பது அந்த நாட்கள்தான். எனவே இந்த அத்தியாயத்தில் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, பதிலோடு கூடவே அந்தக் குழப்பத்தால் நாள் வீணாகாமல் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன். உங்கள் வீட்டு நோயாளியின் விவரம் தெரிந்தவர் அவருடைய டாக்டர்தான். இங்கே படிப்பதை அவரிடம் கேட்கும் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

“எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாதே, எனக்கு எப்படி வந்தது?”

பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக் கோளாறால் ஏற்படுபவை. மற்றவை வாழ்நாளில் சேர்ந்த கோளாறுகள். உடம்பின் செல்கள் ஓயாமல் பிரிந்து புதிதாக உருவாகின்றன. ஒவ்வொரு முறையும் மரபணுவைப் பிரதி எடுக்கும்போது சிறு பிழைகள் நேரும். அநேகமாக எல்லாவற்றையும் உடம்பே திருத்திவிடும். திருத்தப்படாத பிழைகள் வருடக்கணக்கில் சேர்ந்து, பிரிவதை நிறுத்தத் தெரியாத ஒரு செல் உருவானால் அது கட்டியாகிறது. வயது கூடக் கூட ஆபத்து கூடுவது இதனால்தான். புகையிலை, மது, சில கிருமிகள், உடல் பருமன், வெயிலின் புற ஊதாக் கதிர் எல்லாம் அந்தப் பிழைகளை வேகப்படுத்துகின்றன. இவை எதுவும் இல்லாதவருக்கும் நோய் வருவதுண்டு. “நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்” என்று அழும் அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் இதுதான்: நீங்கள் செய்த எதற்கும் இது தண்டனை அல்ல.

ஆனால் பரம்பரையை அடியோடு ஒதுக்கிவிடவும் கூடாது. அம்மா, அக்கா, தங்கை, சித்தி என்று நெருங்கிய உறவில் ஐம்பது வயதுக்கு முன்பே மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், அல்லது ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். தந்தை வழியிலும் இது வரும். அப்பாவின் அக்காவுக்கு என்ன நோய் என்று விசாரிக்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

“சிகரெட் தொட்டதில்லை, வெறும் பாக்குதான் போடுவேன்”

இந்த ஒரு வாக்கியத்தால் நம் ஊரில் போகும் உயிர்கள் அதிகம். புகையிலை கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். பாக்கும் அப்படித்தான் என்று தெரிந்தவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்ட முதல் வகையில் சேர்த்து 2004-லேயே வெளியிட்டுவிட்டது. தாம்பூலத் தட்டில் வைப்பதைப் பற்றி இங்கே பேசவில்லை. தினமும் கன்னத்தில் அடக்கி வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன். சீவல், வாசனைப் பாக்கு, பான் மசாலா எல்லாம் இதில் அடக்கம்.

பாக்கு முதலில் செய்வது கன்னத்தின் உட்சதையை நார் நாராக இறுகவைப்பது. காரம் பட்டால் எரியும், பிறகு வாய் திறப்பது குறையும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் நேராக நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால் உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் உட்பகுதி, நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடியில், உதட்டின் உட்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். கூரான பல் குத்தி வந்த புண் என்று நினைத்து மாதக்கணக்கில் தேனும் நெய்யும் தடவிக்கொண்டிருப்பது நாம் அடிக்கடி செய்வது.

வாயைத் திறந்து பார்ப்பது என்ன பெரிய பரிசோதனை என்று தோன்றலாம். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வின் முடிவு 2005-ல் வெளியானது. கையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தாலே போதுமான வேலை அது.

மதுவும் புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றுக்கும் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் உண்டு, கட்டணம் இல்லை. “வியாதிதான் வந்துவிட்டதே, இனி விட்டு என்ன?” என்பவர்களுக்கு: சிகிச்சையின்போது புகையிலையை விட்டால் புண் சீக்கிரம் ஆறும், ரேடியேஷன் நன்றாக வேலை செய்யும், இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும்.

“தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?”

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரக்குழந்தையைக் கொஞ்சலாம். நோயாளிக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகளில் நோயைவிட அந்த டம்ளர் அதிகம் வலிக்கிறது.

ஆனால் சில புற்றுநோய்களுக்கு வித்திடும் கிருமிகள் பரவக்கூடியவை. கல்லீரலுக்கு ஹெபடைடிஸ் பி, சி. இரைப்பைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி. கர்ப்பப்பை வாய்க்கு எச்பிவி. இந்தக் கடைசி ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடுக்கவே முடியும் என்று தெரிந்தும் பெண்களைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எச்பிவி உடலுறவு வழியாகப் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ். திருமணமான பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, தெரியாமலே போய்விடும். யாருடைய நடத்தைக்கும் இது சாட்சி இல்லை. சிலருக்கு மட்டும் அது தங்கிவிடும். தங்கிய வைரஸ் கர்ப்பப்பை வாயின் செல்களைக் கெடுத்துப் புற்றுநோயாக்கப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்துக்குள் பரிசோதித்துக் கண்டுபிடித்துவிட்டால், கெட்ட இடத்தை உறையவைத்தோ சுட்டோ நீக்கிவிடலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இது பெரிய அளவில் செய்துகாட்டப்பட்டது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். மாறிய இடத்துக்கு அங்கேயே சிகிச்சையும் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-ல் லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வை உலகம் முழுக்கப் படித்தார்கள். அந்தப் பரிசோதனை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. சில நிமிட வேலை, வலி அநேகமாக இல்லை. வெட்கத்தால் தள்ளிப்போடும் பெண்களுக்கு ஒரு யோசனை: தனியாகப் போகாதீர்கள். நாத்தனாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிக்கொண்டு, இருவருமே செய்துகொண்டு வாருங்கள். மார்பையும் வாயையும் அங்கேயே பார்ப்பார்கள்.

பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகுந்த பலன் தரும். வெளிநாட்டு ஊசிகளோடு இந்தியாவில் தயாராகும் செர்வாவாக்கும் இப்போது உண்டு. “சின்னப் பெண்ணுக்கு இது எதற்கு?” என்று பாட்டி கேட்பார். வைரஸ் வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசிக்கு வேலை, அதனால்தான் அந்த வயது. ஊசி போட்ட பெண்ணும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனையை விடக் கூடாது. ஊசி எல்லா வகை எச்பிவியையும் தடுப்பதில்லை.

செல்போன், டவர், மைக்ரோவேவ், பிளாஸ்டிக்

செல்போனும் டவரும் வெளிவிடும் அலைகளுக்கு மரபணுவை உடைக்கும் சக்தி இல்லை. மைக்ரோவேவ் அடுப்பும் உணவைச் சூடாக்குகிறதே தவிர அதில் கதிரியக்கம் சேர்ப்பதில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துச் சூடாக்காமல் இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் டப்பாவைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வீட்டில் அப்பாவின் பீடிக்கட்டு அலமாரியில் இருந்தால், கவலையின் பெரும்பகுதியை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

“வலியே இல்லையே, அப்புறம் என்ன?”

ஆரம்ப நிலைப் புற்றுநோய் அநேகமாக வலிக்காது. மார்பில் உருளும் கட்டி வலிக்கவில்லை என்பதால் பால் கட்டி, கொழுப்புக் கட்டி என்று முடிவு செய்துவிடக் கூடாது. வலி வரும்போது பெரும்பாலும் கட்டி வளர்ந்திருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், விழுங்கச் சிரமப்பட்டு இட்லியிலிருந்து கஞ்சிக்கு இறங்கியிருந்தால், மாதவிடாய் நின்று வருடமான பிறகு சொட்டு ரத்தம் கண்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும், கழுத்தில் நெறி கட்டி இறங்காமல் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். நாற்பதைத் தாண்டியவருக்கு ரத்தம் போவதோடு மலம் போகும் பழக்கமும் மாறியிருந்தால், மூலத்துக்கான மருந்தைத் தொடங்கும் முன் ஒருமுறை விரல் விட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பல கட்டிகள் அந்த ஒரு விரலுக்கே தட்டுப்படும்.

“கத்தி பட்டால் பரவிவிடுமாமே?”

இந்த நூலிலேயே அதிக நாட்களைத் தின்னும் கேள்வி இது. அதனால் நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலான கட்டிகளில், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இல்லாமல் புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேன் சந்தேகத்தைச் சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. வகை தெரியாமல் மருந்து கிடையாது. மார்பகக் கட்டி ஒன்றே ஹார்மோனுக்குக் கட்டுப்படுவது, ஹெர்2 புரதம் கூடியது, இரண்டும் இல்லாதது என்று பிரிகிறது. மூன்றுக்கும் சிகிச்சை வேறு. ஊசி குத்தி ஒரு துளிச் சதை எடுப்பதால் நோய் பரவுவது மிக மிக அரிது. விதைப்பை போல அந்தக் கவலை உள்ள சில இடங்களில் மருத்துவர்கள் ஊசி குத்தாமலே வேறு வழியில் முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். அந்த எச்சரிக்கை அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது.

பிறகு இந்த நம்பிக்கை எப்படி வந்தது? ஸ்கேன் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் நிலைமையைத் தெரிந்துகொள்ள முடிந்தது. திறந்தால் எங்கும் பரவியிருக்கும், மூடித் தைத்து அனுப்புவார்கள், சில வாரங்களில் ஆள் போய்விடுவார். ஊர் பார்த்தது கத்தியையும் சாவையும் மட்டும். உள்ளே ஏற்கெனவே பரவியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பயாப்ஸியைத் தவிர்ப்பதைவிடக் கெடுதலான காரியம் ஒன்று உண்டு: அவசரமான ஆபரேஷன். சிறிய மருத்துவமனையில் “சாதாரணக் கட்டிதான்” என்று வெட்டி எடுத்து, சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமலே போட்டுவிடுவது நடக்கிறது. அதேபோல் ரத்தப்போக்கு என்று வந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயைப் பார்க்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிடுவதும் நடக்கிறது. உள்ளே புற்றுநோய் இருந்திருந்தால் அந்த ஆபரேஷன் போதாது, அடுத்த சிகிச்சையும் சிக்கலாகிவிடும். ஆகவே இரண்டு விஷயங்களில் உறுதியாக இருங்கள். உடம்பிலிருந்து எடுத்த எந்தச் சதையையும் குப்பையில் போட விடாதீர்கள், ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ரசீது வாங்குங்கள். கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று சொன்னால், “கர்ப்பப்பை வாய்ச் செல்களைச் சோதிக்கும் பாப் ஸ்மியர் பார்த்துவிட்டீர்களா?” என்று கேளுங்கள்.

பரிசோதனைக் கூடத்தில் சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அதை பிளாக் என்பார்கள். இரண்டாவது கருத்துக்கு வேறு மருத்துவமனை போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, அந்த பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஊசி, மறுபடி இரண்டு வாரம். இரண்டாவது கருத்துக் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. ஆனால் ஐந்தாவது, ஆறாவது என்று போய்க்கொண்டே இருந்தால் அதுவும் தாமதம்தான்.

“முதலில் வெட்டி எடுக்காமல் ஏன் கீமோ கொடுக்கிறார்கள்?”

சில கட்டிகளை முதலில் மருந்தால் சுருக்கிவிட்டால் ஆபரேஷன் சிறிதாகும். மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வழி பிறக்கும், மருந்து கேட்கிறதா என்பதும் கண்ணெதிரே தெரிந்துவிடும். எந்த வரிசை என்பதை அறுவை நிபுணர், கீமோ மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர் மூவரும் கூடி முடிவு செய்ய வேண்டும். “மூவரும் பார்த்தாயிற்றா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

குழந்தை பெற வேண்டிய வயதில் இருப்பவர் என்றால் கீமோ தொடங்கும் முன்பே சொல்லுங்கள். ஆண்களுக்கு விந்தணுவைச் சேமித்து வைக்கலாம், பெண்களுக்கும் வழிகள் உண்டு. முதல் ஊசி ஏறிய பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சுருங்கிவிடும்.

கீமோவில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே எண்

முடி கொட்டும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எல்லா கீமோவிலும் கொட்டாது, கொட்டினாலும் முடிந்த பிறகு வளரும். வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. உண்மையான ஆபத்து காய்ச்சல். கீமோ கொடுத்த ஒன்று, இரண்டு வாரத்தில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது நுழையும் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தடுக்காது. போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது.”

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் சளி, சர்க்கரை கட்டியை வளர்க்கும் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ரசம் சாதத்தோடு நிற்கும் நோயாளிகள் எடை இழக்கிறார்கள். எடை இறங்கினால் அடுத்த கீமோ தள்ளிப்போகலாம். உடம்பின் எல்லாச் செல்லுக்கும் சர்க்கரை வேண்டும், நாம் சாப்பிடாமல் இருந்து கட்டியை மட்டும் பட்டினி போட முடியாது. நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு, மீன், சுண்டல், வீட்டுத் தயிர் எல்லாம் கொடுங்கள். வெளியே நறுக்கி வைத்த பழம், பச்சைச் சட்னி, காய்ச்சாத தண்ணீர் மட்டும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர் அதற்கான கட்டுப்பாட்டை டாக்டர் சொன்னபடி தொடரட்டும்.

கரண்டு வைப்பது

ரேடியேஷனை நம் பக்கம் கரண்டு வைப்பது என்கிறார்கள். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுப்பது போலப் படுத்திருந்தால் போதும், சில நிமிடம், வலி இல்லை. வாரம் ஐந்து நாள், பல வாரம் போக வேண்டியிருக்கும். வெளியிலிருந்து கதிர் செலுத்தும் சிகிச்சையில் நோயாளியின் உடம்பில் கதிர் தங்காது, வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்கு கதிரியக்க அயோடினை மருந்தாக உள்ளே கொடுக்கும்போது மட்டும் சில நாள் தள்ளி இருக்கச் சொல்வார்கள்.

வாய், தொண்டைக்கு வைப்பதாக இருந்தால், தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கெட்ட பல்லை முன்பே பிடுங்காவிட்டால், பிறகு பிடுங்கும்போது தாடை எலும்பு ஆறாமல் போகலாம். நடுவில் நாள் விடக் கூடாது. திருவிழா, காதுகுத்து என்று ஒரு வாரம் ஊருக்குப் போனால் அந்த இடைவெளியில் கட்டி மீண்டும் வளரத் தொடங்கும்.

நாட்டு மருந்து

இதைக் கேலியாகப் பேச எனக்கு மனமில்லை. நம் வீட்டுச் செடிகளிலிருந்தே புற்றுநோய் மருந்து வந்திருக்கிறது. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்ததுதான் வின்கிறிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து. ஆனால் அது ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகிராமைத் தாண்டாமல், நரம்பூசியாக, உயரமும் எடையும் கணக்கிட்டுக் கொடுக்கப்படுவது. அதே செடியின் இலையை அரைத்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கெடுதல் மட்டும் நிச்சயம்.

2018-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டது அது. மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்களுக்குச் சாவு ஆபத்து இரண்டரை மடங்கு இருந்தது. அவர்களை வீழ்த்தியதில் பெரும் பங்கு, நல்ல சிகிச்சைக்கான காலத்தை இழந்ததற்குத்தான்.

முள்சீத்தா இலைக் கஷாயம், கருஞ்சீரகம், மஞ்சள் மாத்திரை என்று எதை எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில செந்தூரங்களிலும் பற்பங்களிலும் பாதரசமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்து ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும், இதுவும் சேர்ந்தால் தாங்காது. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடை இல்லை.

“அம்மாவிடம் சொல்லாதீர்கள் டாக்டர்”

அன்பால் சொல்வதுதான். ஆனால் தலை மொட்டையாகி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தன் நோயின் பெயரைச் சொல்லும்போது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டும் தெரியாதவராக நடிப்பார், பிள்ளைகளுக்காக. அப்போது வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாமல் போகிறது. நகை யாருக்கு, நிலம் எப்படி, எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்ல நினைத்ததெல்லாம் உள்ளேயே நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். “உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள் அம்மா?” என்று அவரிடமே தொடங்குங்கள். கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம்.

செலவு

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கியது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அண்ணாவும் 1969-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால்தான் மறைந்தார். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைச் சிகிச்சை தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள், முன் அனுமதி பெற்றுத்தான் இது நடக்கும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ரயில்வேயில் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

“விலை குறைந்த மருந்து நல்லதா?” என்பார்கள். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்குத் தரும் இமாட்டினிப்பைப் பாருங்கள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றபோது, இந்திய நிறுவனங்களின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காப்புரிமை கிடைக்கவில்லை. இன்று ஆயிரக்கணக்கானோர் அந்த மலிவு மாத்திரையைத் தினமும் விழுங்கி வேலைக்குப் போய்வருகிறார்கள். எந்த நிறுவனத்தின் மருந்து என்பதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

நான்காம் நிலை, வலி

நான்காம் நிலை என்றால் நோய் தொலைவில் உள்ள உறுப்புக்கும் போயிருக்கிறது என்று பொருள். சில வகைகளில் மருந்தோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள், சில வகைகளில் காலம் குறைவு. “குணமாக்கவா, கட்டுப்படுத்தவா, வலியைக் குறைக்கவா, எதற்காக இந்தச் சிகிச்சை?” என்று நேராகக் கேளுங்கள். பதில் தெரிந்தால் வீட்டை விற்பதா வேண்டாமா என்பதையும் நிதானமாக முடிவு செய்யலாம்.

வலி நிவாரணப் பிரிவுக்குக் கடைசி வாரத்தில்தான் போக வேண்டும் என்பதில்லை, சிகிச்சை நடக்கும்போதே போகலாம். வாய்வழி மார்ஃபின் மாத்திரை புற்றுநோய் வலிக்கு உலகெங்கும் கொடுக்கப்படுவது. 2014-ல் போதைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டு, அதைப் பெறுவது எளிதாக்கப்பட்டது. டாக்டர் சொன்ன அளவில் வலிக்காக எடுப்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது, சாவும் அதனால் சீக்கிரம் வராது. வலி வரும்வரை காத்திருக்காதீர்கள், கடிகாரம் பார்த்து நேரத்துக்குக் கொடுங்கள். அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து இது, அதனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று முன்பே விசாரித்து, இருப்பு தீர இரண்டு நாள் இருக்கும்போதே போய் வாங்குங்கள். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் எழுதித் தரச் சொல்லுங்கள், மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். அப்படியும் குறையாவிட்டால் மருந்தை நிறுத்தாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.